தண்ணீரைத் தொடும் முன்பே செய்யும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவுக்கு வடகிழக்கே ரூடப்ளாட் அணை. உடல் ஊனமுற்றவர்கள் துடுப்பு வலிக்கக் கற்கிறார்கள், உதவிக்கு ஆள் வேண்டும் என்றதும் லாடியத்திலிருந்து நாலைந்து பேர் போனோம். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத ஒரு தம்பியை, பெரிய உபகாரிகள் மாதிரி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து அலாக்காகத் தூக்கிவிட்டோம்.

"அண்ணா, நான் என்ன மூட்டையா? எப்படித் தூக்கணும்னு என்னைக் கேளுங்க."

கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்: முதலில் சிறுநீர்ப் பையைக் காலி செய்யணும், காலை ஒருவர் தனியாகப் பிடிக்கணும். நாங்கள் தூக்கிய வேகத்தில் துடுப்புச் சட்டத்தின் போல்ட்டில் அவன் குதிகால் உரசியது. அவனுக்கு வலிக்கவில்லை. வீட்டில் காலுறையைக் கழற்றியபோதுதான் ரத்தத்தைப் பார்த்திருக்கிறான். அசையாத இருக்கையும் அப்படித்தான். கால்சட்டையில் ஒரு மடிப்பு, பையில் ஒரு சாவி போதும், படுக்கைப்புண் மாதிரி வந்துவிடும். நல்ல மெத்தை போடுங்கள், கரைக்கு வந்ததும் தோலைப் பாருங்கள்.

அடுத்தது பட்டை. தோளாலும் கையாலும் மட்டும் வலிப்பவர்கள் பிஆர்1 பிரிவு. அவர்களை மார்போடு சேர்த்து இருக்கையில் கட்டுவார்கள். உடலையும் சாய்த்து வலிப்பவர்கள் பிஆர்2, காலையும் பயன்படுத்தி நகரும் இருக்கையில் வலிப்பவர்கள் பிஆர்3. 'பத்திரமா இருக்கட்டும்' என்று பட்டையில் முடிச்சுப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்திரமாவது! படகு கவிழ்ந்தால் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். பிஆர்1 படகின் இருபுறமும் மிதவை இருக்கிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். நீச்சல் குளத்தில் கவிழ்த்துப் பழக்கிய பிறகே அணைக்குக் கொண்டுபோங்கள்.

முதுகுத்தண்டில் நடுமார்பு மட்டத்திலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. நிரம்பிய சிறுநீர்ப்பையோ இறுக்கிய பட்டையோ போதும், ரத்த அழுத்தம் எகிறிவிடும். திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, கழுத்துக்கு மேலே வியர்வை. மயக்கமோ என்று படுக்க வைப்பதுதான் பெரிய தவறு. நிமிர்த்தி உட்காரவையுங்கள், பட்டையைத் தளர்த்துங்கள், சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள், கூடவே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது. ஜனவரிக் கோடை வெயிலில் உடம்பு கொதித்துவிடும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலும் வருவார்கள். விடியற்காலையில் இறங்குவது நல்லது. பிற்பகலில் இங்கே இடி மின்னலும் வரும்.

இணையத்தில் கிடைத்த பழைய பயிற்சி அட்டவணையை அப்படியே எடுக்காதீர்கள். 2008 பெய்ஜிங்கில் பாராலிம்பிக்கில் இந்த விளையாட்டு நுழைந்தபோது தூரம் 1000 மீட்டர். நம் நாட்டு சாண்ட்ரா குமாலோ 2016 ரியோவில் ஓட்டியதும் அதுதான். 2017 முதல் 2000 மீட்டர். தூரம் இரட்டிப்பானால் மூச்சுக் கணக்கே வேறு. துடுப்புப் பயிற்சி எந்திரத்தில் இழுவையைக் கூட்டும் நெம்புகோலை 10-க்குத் தள்ளி வீரம் காட்டுவதும் வேண்டாம். முதலில் போவது தோள்பட்டைதான், சக்கர நாற்காலியைத் தள்ளவும் அதுதானே வேண்டும்.

பார்வையற்றவர்களோடு போகும்போது கரையிலிருந்து "இடது, இடது!" என்று கத்தாதீர்கள். துடுப்பு வலிப்பவர் படகு போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். படகின் இடது அவருக்கு வலது. நான் கத்தியதை நம்பி ஒரு அக்கா நேராக நாணலுக்குள் விட்டார். இப்போது "அக்கா, உங்க வலக்கை" என்றுதான் சொல்கிறேன்.