'முந்தையது, அடுத்தது' பொத்தானில் சறுக்கும் இடங்கள்

போன வாரம் பாலிடெக்னிக் முடித்த தம்பி ஒருவன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, வரிசை எல்லாம் சரியாத்தான் போட்டேன், அடுத்தது அமுக்கினா எங்கயோ போவுது" என்றான். பார்த்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல். நான் முன்பு செய்து மாட்டிக்கொண்ட அதே கோளாறு. இணையதளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் சொந்த வரிசையில் பக்கங்களை அடுக்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாஸ்வேர்டு மறந்தது, பேக்கப் எடுக்காதது மாதிரி சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

பட்டியல் சரியானால் பொத்தானும் சரி என்று நம்புவது

வேர்ட்பிரஸின் முந்தைய, அடுத்த இணைப்புகள் பக்கம் வெளியான தேதியைத்தான் பார்க்கும். பட்டியல் பக்கத்தை மெனு ஆர்டர் எண்ணின்படி, அதாவது ஒவ்வொரு பக்கத்துக்கும் நீங்களே கொடுக்கும் வரிசை எண்ணின்படி, அடுக்கினாலும் இவை அசையாது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர் நிரையில் அடுத்து நிற்கிற மரத்துக்குப் போவார், எந்தக் கன்றை எந்தத் தேதியில் நட்டார்கள் என்று பார்த்து ஓடமாட்டார். வேர்ட்பிரஸ் ஓடும்.

சார்ட்டை மாற்றிவிட்டு வேரை மறப்பது

வேர் (where) என்றால் மரத்து வேர் இல்லை, தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்கும் எஸ்க்யூஎல் கட்டளையில் எந்தப் பதிவுகளை எடுக்கலாம் என்று வடிகட்டும் பகுதி. வடிகட்டி நின்றவற்றில் எது முதலில் என்று சொல்வது சார்ட் (sort). இரண்டிலும் தேதிதான் உட்கார்ந்திருக்கும். எல்லாரும் சார்ட்டில் மட்டும் மெனு ஆர்டரைப் போட்டுவிட்டு எழுந்துபோகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் பழைய குடும்பங்கள் தங்கள் வரலாற்றைத் தளமாகப் போடச் சொன்னார்கள். ஐந்து பக்கங்கள்: 1 கப்பலில் வந்தது, 2 லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாழ்க்கை, 3 ஜப்பான்காரன் காலமும் அவன் ஆள் பிடித்துப் போட வைத்த சயாம் ரயில் பாதையும், 4 இந்தப் பக்கத்தில் மூன்று தோட்டத்துரைகள் கொல்லப்பட்டபின் 1948 ஜூனில் வந்த அவசரகாலம், 5 தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலும் 1960-இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கமும். வீட்டில் சோதித்தபோது கச்சிதமாக ஓடியது. ஓடாமல் என்ன, சோதனைப் பக்கங்களை 1, 2, 3 என்று வரிசையாகத்தானே ஏற்றினேன்! தேதியும் வரிசையும் ஒன்றாகப் போனதால் தப்பு தெரியவில்லை. உண்மைக் கட்டுரைகள் ஆளாளுக்கு எழுதி முடித்த நேரத்தில் வந்தன: 3, 1, 5, 2, 4.

கோயில் மண்டபத்தில் திரை கட்டிக் காட்டினேன். மூன்றாம் பக்கத்தில் 'அடுத்தது' அமுக்கினால் அதற்குப் பின் ஏறியவை 1, 5, 2, 4. அதில் சின்ன எண் 1. முன்வரிசைத் தாத்தா ஒருவர், "சயாமுக்குப் போனவன மறுபடி கப்பல்ல ஏத்திட்டியேப்பா" என்றார். மண்டபமே சிரித்தது. 1-லிருந்து 2, 2-லிருந்து 4, அதோடு நின்றுவிட்டது. 3-க்கும் 5-க்கும் எந்தப் பக்கத்திலிருந்தும் 'அடுத்தது' வழியே போக முடியவில்லை. சயாம் பகுதியை எழுதிய அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

மாற்ற வேண்டியது நாலு ஃபில்டர் (வேர்ட்பிரஸ் தன் கட்டளையை நம் கையில் கொடுத்துத் திருத்த விடும் இடம்): முந்தையதற்கு வேரும் சார்ட்டும், அடுத்ததற்கு வேரும் சார்ட்டும். முந்தையதற்கு இப்போதைய எண்ணைவிடச் சிறியவை, பெரியதிலிருந்து கீழே இறங்கும் வரிசை. அடுத்ததற்கு நேர் எதிர். காப்பி பேஸ்ட் செய்துவிட்டு ஏறு, இறங்கு வரிசையை மாற்ற மறந்தால் 'முந்தையது' எப்போதும் முதல் பக்கத்துக்கே ஓடும். சோதிக்கும்போது பக்கங்களை வேண்டுமென்றே கலைத்துப் போட்டு ஏற்றுங்கள்.

எல்லாவற்றுக்கும் 0

மெனு ஆர்டர் நிரப்பாவிட்டால் 0. எல்லாமே 0 என்றால் 0-ஐவிடப் பெரியது ஏது? பொத்தானே காணாமல் போகும். ஒரே எண் இரண்டு பக்கத்துக்கு இருந்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகாது. நான் 10, 20, 30 என்று விட்டுவிட்டுப் போடுகிறேன், நடுவில் புதுக் கட்டுரை வந்தால் 15 கொடுத்துச் செருகலாம்.

தேதியைத் திருத்தி ஒப்பேற்றுவது

வேண்டாம். எதிர்காலத் தேதி வைத்தால் பக்கம் வெளியாகாமல் காத்துக்கிடக்கும்.

எண்ணை எழுத்தாக அடுக்குவது

மெனு ஆர்டருக்குப் பதில் கஸ்டம் ஃபீல்டில் (பக்கத்தோடு நாமே சேர்க்கும் கூடுதல் தகவல்) எண் வைத்தால், அதை எழுத்தாகப் பார்த்து 1, 10, 11, 2 என்று வரும். எண்ணாக மாற்றி ஒப்பிடச் சொல்லுங்கள்.

ஃபில்டரை ஊர் முழுக்க அவிழ்த்துவிடுவது

கட்டுரைகளைச் சரிசெய்த கையோடு, அதே தளத்தின் திருவிழா அறிவிப்புகளில் பொத்தான்கள் மறைந்துவிட்டன. அவற்றுக்கெல்லாம் 0 தானே. ஃபில்டருக்குள் முதல் வேலையாகப் பதிவின் வகையைப் பாருங்கள். உங்கள் வகை இல்லையென்றால் வந்ததை அப்படியே திருப்பிக் கொடுங்கள். வேர்ட்பிரஸ் ஃபில்டருக்கு அனுப்பும் மதிப்புகளில், பதிவு வேர் ஃபில்டரில் ஐந்தாவதாகவும் சார்ட்டில் இரண்டாவதாகவும் வரும். ஃபில்டரை இணைக்கும்போது எத்தனை மதிப்பு வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால் ஒன்றுதான் கைக்கு வரும். தம்பி கடைசியாகச் சிக்கியது இங்கேதான், அரை மணி நேரம் இருவரும் கோப்பியைக் குடித்துக்கொண்டே தேடினோம்.