கடை இல்லாத ஏசி மெக்கானிக்கும் கூகுள் மேப்பில் வரலாம்: முதல்முறை செய்பவர்களுக்கான விளக்கம்

மதுரையில் எங்கள் தெருவில் ஏசி மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கெபாசிட்டர் போனதா, கம்ப்ரசரே போனதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். போன சித்திரை வெயிலில், அவர் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளிப் புதிதாகக் குடிவந்தவர்கள் கூகுளில் தேடி, ஊரின் மறுகோடியிலிருந்து வேறொருவரை வரவழைத்தார்கள். அண்ணன் கூகுளில் இல்லவே இல்லை. அன்று சாயங்காலம் அவரும் நானும் உட்கார்ந்து செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். பிளம்பர், எலெக்ட்ரீஷியன், வீட்டுக்கு வந்து மெஹந்தி போடுபவர் என்று எல்லோருக்கும் இதே வழிதான். நாங்கள் பயன்படுத்திய கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல், வாட்ஸ்அப் பிசினஸ் என்ற இரண்டு கருவிகளுமே இலவசம்.

படி 1: கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்

கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் தொழிலைக் காட்டும் பக்கம் இது. 2021 வரை இதற்கு கூகுள் மை பிசினஸ் என்று பெயர். போன் பிரவுசரில் பிசினஸ் டாட் கூகுள் டாட் காம் பக்கத்துக்குப் போங்கள். தொழில் செய்பவரின் சொந்த ஜிமெயிலில்தான் தொடங்க வேண்டும். உதவிக்கு வந்த தம்பியின் ஜிமெயிலில் தொடங்கிவிட்டு, அவர் வெளியூர் போனபிறகு உள்ளே நுழையவே முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெயர் என்ற இடத்தில் உங்கள் விசிட்டிங் கார்டில் உள்ள பெயரை மட்டும் போடுங்கள். "மதுரை பெஸ்ட் ஏசி சர்வீஸ் குறைந்த விலை" என்று நீட்டினால் கூகுள் விதிக்கு மாறானது, பக்கத்தையே முடக்கிவிடலாம். அப்புறம் தொழில் வகை. முதன்மை வகை ஒன்று, கூடுதலாக ஒன்பது வரை சேர்க்கலாம். முதன்மை வகையை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். அண்ணன் ஃப்ரிட்ஜும் பார்ப்பார். ஆனால் பத்து வேலையில் எட்டு ஏசி என்பதால் ஏசி ரிப்பேரை முதலில் வைத்தோம்.

வாடிக்கையாளர் நேரில் வரும் இடம் உண்டா என்று கேட்கும். கடை இல்லையென்றால் இல்லை என்றே சொல்லுங்கள். வீட்டு முகவரி வெளியே தெரியாது. அதற்குப் பதிலாக வேலைக்குப் போகும் பகுதிகளைக் கொடுக்கலாம், 20 வரை. நாங்கள் கே.கே. நகர், அண்ணா நகர், ஒத்தக்கடை, திருநகர் என்று அவர் உண்மையிலேயே வண்டியில் போகும் இடங்களை மட்டும் போட்டோம். தேடுபவருக்கு யாரைக் காட்டுவது என்பதற்கு கூகுள் சொல்லும் காரணங்கள் மூன்று: தேடியதற்குப் பொருத்தம், தூரம், எவ்வளவு அறியப்பட்டவர் என்பது. ஆகவே, போகாத ஊரையெல்லாம் போடத் தேவையில்லை.

படி 2: வீடியோ சரிபார்ப்பு

பலரும் பாதியில் விட்டுவிடுவது இங்கேதான். நீங்கள் நிஜமாகவே இந்தத் தொழில் செய்பவர் என்று காட்ட, பெரும்பாலும் போனிலேயே வீடியோ எடுக்கச் சொல்லும். குறைந்தது 30 விநாடி, நடுவில் நிறுத்தாமல், வெட்டி ஒட்டாமல் எடுக்க வேண்டும். மூன்று விஷயம் தெரிய வேண்டும்: நீங்கள் இருக்கும் பகுதி, உங்கள் தொழில் சாமான்கள், அதை நடத்துவது நீங்கள்தான் என்பது.

எங்கள் முதல் வீடியோ தேறவில்லை. இருட்டிய பிறகு எடுத்ததால் தெருப் பெயர்ப்பலகையே தெரியவில்லை. அடுத்த நாள் காலையில் பலகையில் தொடங்கி, நடந்தபடியே வண்டி, அதிலிருந்த வாட்டர் பம்ப், கேஜ் செட், கேஸ் சிலிண்டர், கடைசியில் பெயர் அச்சடித்த பில் புத்தகம் என்று ஒரே மூச்சில் எடுத்தோம். அது தேறியது. முடிவு வர 5 வேலை நாள் வரை ஆகலாம். ஆதார் எண், பாஸ்புக், மற்றவர்கள் முகம் எதுவும் வீடியோவில் வேண்டாம்.

இந்தச் சமயத்தில் "கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டினால் முதலிடம்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ப்ரொஃபைலுக்கு கூகுள் காசு கேட்பதே இல்லை. தேடலில் இடம் உயர்த்தவும் காசு வாங்குவதில்லை.

படி 3: வாட்ஸ்அப் பிசினஸ்

பிளே ஸ்டோரில் தனி ஆப்பாகவே கிடைக்கும். வேறு எண் இருந்தால் அதே போனில் சாதா வாட்ஸ்அப்பும் ஓடும். தொழிலுக்குத் தனி சிம் வைப்பது நல்லது. இல்லையென்றால் கல்யாண வீட்டு குரூப்புக்கு நடுவே வாடிக்கையாளரின் செய்தி புதைந்துவிடும்.

முதலில் வரவேற்புச் செய்தியை எழுதுங்கள். புதிதாக எழுதுபவர்களுக்கும், 14 நாள் பேச்சே இல்லாமல் மறுபடி எழுதுபவர்களுக்கும் அது தானாகப் போகும். அண்ணனுக்கு எழுதியது இது: "வணக்கம். எந்த ஏரியா, ஸ்பிளிட்டா விண்டோவா, என்ன பிரச்சினை என்று வாய்ஸ் மெசேஜ் போட்டாலும் போதும். வேலையில் இருந்தால் மதியம் 1 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பார்த்துக் கூப்பிடுகிறேன்." ஏணியில் நிற்பவரால் போன் எடுக்க முடியாது, பதில் வராவிட்டால் கேட்டவர் அடுத்த ஆளைத் தேடுவார். அந்த இடைவெளியைத்தான் இந்தச் செய்தி அடைக்கிறது.

கேட்டலாக்கில், அதாவது ஆப்பிலேயே வாடிக்கையாளர் பார்க்கும் பட்டியலில், வாட்டர் சர்வீஸ், கேஸ் ஃபில்லிங், கழற்றி மாட்டுதல் என்று விலையோடு போடுங்கள். விலை தெரிந்தால் தயக்கம் பாதி போய்விடும். வேலை முடிந்தவர்களின் சாட்டுக்கு மாதப் பெயரில் லேபிள் (அடையாளச் சீட்டு மாதிரி) போட்டால், அடுத்த சர்வீஸ் நேரத்தில் ஒவ்வொருவராகத் தேடி எழுதலாம். மொத்தமாக பிராட்காஸ்ட் அனுப்பினால், உங்கள் எண்ணைப் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச்சேரும். அதனால் "என் நம்பரை சேவ் பண்ணிக்கோங்க சார்" என்று வேலை முடிந்ததும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

படி 4: ரிவ்யூ

ப்ரொஃபைலில் ரிவ்யூ கேட்பதற்கான லிங்க்கும் க்யூஆர் குறியீடும் கிடைக்கும். அதை அச்சடித்து பில் புத்தக அட்டையில் ஒட்டுங்கள். ஏசி குளிர்ந்து, வீட்டுக்காரர் முகம் மலர்ந்த அந்த நிமிடத்தில் கேட்க வேண்டும். மறுநாள் கேட்டால் மறந்திருப்பார்கள். "என்ன வேலை, எந்த ஏரியா என்று இரண்டு வரி எழுதுங்க" என்று கேளுங்கள். தமிழில் எழுதினாலும் சரி.

தள்ளுபடி தருகிறேன் என்று ஆசை காட்டிக் கேட்பதும், சொந்தக்காரர்களை எழுத வைப்பதும் விதிக்கு மாறானவை. யாராவது குறை எழுதினால் சண்டை போடாமல், என்ன நடந்தது, எப்போது வந்து சரிசெய்வீர்கள் என்று அங்கேயே பதில் எழுதுங்கள். அடுத்து வருபவர் முதலில் படிப்பது அந்தப் பதிலைத்தான்.

படி 5: மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்க

அதே ஜிமெயிலில் இருந்தபடி கூகுளில் உங்கள் தொழில் பெயரைத் தேடினால் திருத்தும் பட்டன்கள் வரும். அதிலேயே எத்தனை பேர் கூப்பிட்டார்கள், என்ன வார்த்தை போட்டுத் தேடி வந்தார்கள் என்பதும் இருக்கும். அண்ணனின் பட்டியலில் "ஏசி தண்ணீர் ஒழுகுது" என்ற தேடல் இருந்தது. அவர் அடிக்கடி செய்யும் வேலைதான், ஆனால் ப்ரொஃபைலில் உள்ள சேவைப் பட்டியலில் சேர்க்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. அன்றே சேர்த்தோம்.