“ஏன்” என்று கேளாதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள்: வானொலி, இணையம் பற்றித் தகவல் விண்ணப்பம் எழுதும் முறை

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், படுவான்கரையிலுள்ள எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டம், ஞாயிறு மாலைகளில் பத்து நிமிட ஒலிச் செய்தியொன்றைக் கைபேசியில் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டு வருகிறது. குளத்தின் நீர்மட்டம், இரவில் யானை இறங்கிய பக்கம், உர மானியம் கொடுக்கும் நாள் ஆகியவையே அதன் உள்ளடக்கம். இதை வலுக்குறைந்த பண்பலை வானொலியாக நடத்த முடியுமா என்று இளைஞர்கள் கேட்டபோது, அதற்கான விதி எந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. எனவே 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். முதல் விண்ணப்பம் வீணாயிற்று. இரண்டாவது விண்ணப்பத்துக்கு ஒன்பது பக்கங்கள் வந்தன. இரண்டுக்கும் இடையே நாங்கள் கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

முதற்படி: யாருக்கு எழுதுவது

தனியார் ஒலிபரப்புக்கான உரிமம் 1966 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்க இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் அமைச்சரால் வழங்கப்படுவதால், அது பற்றிய கேள்வி ஊடகத்துறை அமைச்சில் இவ்விண்ணப்பங்களைப் பெறும் தகவல் அலுவலருக்குச் செல்ல வேண்டும். அலைவரிசை ஒதுக்கீடும் இணையச் சேவையும் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் வருவதால், அவை பற்றிய கேள்விகள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் தகவல் அலுவலருக்கு உரியவை. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலக்க வேண்டாம்.

“கொத்மலையில் சமுதாய வானொலி இருந்ததே, நமக்கு மட்டும் என்ன?” என்று கூட்டங்களில் யாராவது எழுந்து கேட்பதுண்டு. மகாவலி சமுதாய வானொலியும் கொத்மலை வானொலியும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குடைக்குள் இயங்கியவை. ஊர்ச் சங்கமொன்று தனித்து உரிமம் பெற்ற முன்மாதிரியாக அவற்றைக் காட்ட இயலாது.

இரண்டாம் படி: கேள்வியை எழுதுவது

நாங்கள் சறுக்கியது இங்கேதான். எங்கள் முதல் விண்ணப்பத்தில், “கிழக்கு மாகாணக் கிராமங்களுக்குச் சமுதாய வானொலி உரிமம் ஏன் வழங்கப்படுவதில்லை?” என்று எழுதி, கீழே எங்கள் மனக்குறையையும் ஒரு பக்கத்துக்கு விரித்திருந்தோம். கேட்கப்பட்டிருப்பது அபிப்பிராயம் என்றும், அப்படியொரு தகவல் தம்மிடம் இல்லை என்றும் பதில் வந்தது. அலுவலரை நாள் முழுதும் ஏசிவிட்டு, இரவில் சட்டத்தின் 43 ஆம் பிரிவை எடுத்து வாசித்தபோது பிழை எங்களுடையது என்று விளங்கியது. எந்த வடிவிலாவது பதிவு செய்யப்பட்டிருப்பதையே அச்சட்டம் தகவல் என்கிறது. ஒருவருடைய மனத்திலுள்ள காரணம் கோப்பில் எழுதப்படாதவரை தகவல் ஆகாது.

ஆகவே கேள்வியைத் தொடங்குவதற்கு முன், இதற்கு விடையாக எந்தத் தாள் இருக்கக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தத் தாளின் பெயரையே கேளுங்கள். எங்கள் இரண்டாவது விண்ணப்பம் பின்வருமாறு அமைந்தது:

“ஒலிபரப்பு உரிமத்துக்கான விண்ணப்பப் படிவத்தின் பிரதி, தகைமை நிபந்தனைகளும் கட்டணங்களும் அடங்கிய சுற்றறிக்கைகள் அல்லது வழிகாட்டல்களின் பிரதிகள், சமுதாய வானொலி தொடர்பாகக் கடந்த ஐந்து ஆண்டுகளில் பெறப்பட்ட விண்ணப்பங்களின் எண்ணிக்கையும், அவற்றின் மீது எடுக்கப்பட்ட தீர்மானங்களின் பிரதிகளும்.”

உள்ளே இருக்கும் “ஏன்” அந்தத் தீர்மானங்களின் பிரதிகளில் தானாகவே வெளிவரும். இணையம் பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் உணவில் கருத்தடை மருந்து கலந்ததாகச் சமூக ஊடகங்களில் வதந்தி பரவியது. அடுத்த மாதம் கண்டி மாவட்ட வன்செயல்களின்போது சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் முடக்கம் மீண்டும் வந்தது. “ஏன் முடக்கினீர்கள்?” என்பதற்குப் பதிலாக, “2022 ஏப்ரல் 3 ஆம் திகதி சேவை வழங்குநர்களுக்கு அனுப்பப்பட்ட பணிப்புரையின் பிரதியும், அதைக் கோரி வந்த கடிதத்தின் பிரதியும்” என்று எழுதுங்கள். தேசிய பாதுகாப்பைக் காட்டி மறுக்க 5 ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆயினும் பொதுநலன் மேலோங்கும் இடத்தில் வெளியிட வேண்டும் என்பதும் அதே பிரிவில் உண்டு. மறுப்பு வந்தால் மேன்முறையீட்டில் அதை எடுத்துச் சொல்லலாம்.

அலைவரிசைகள் பொதுச் சொத்து என்பதை 1997 இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் பற்றிய தீர்மானத்தில் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதை ஊர்க்கூட்டத்தில் உரத்துச் சொல்லுங்கள். விண்ணப்பத்தில் எழுத வேண்டாம். தகவல் எதற்கு வேண்டும் என்று காரணம் கூறும் கடப்பாடு விண்ணப்பதாரருக்கு இல்லை.

மூன்றாம் படி: எழுதுவதும் அனுப்புவதும்

தகவல் கோருவதற்கான ஆர்டிஐ 01 படிவம் வசதியானது, கட்டாயமானதன்று. தமிழில் எழுதலாம். எழுத இயலாத முதியவர் நேரில் சென்று வாயால் கேட்டால், அதை எழுத்தில் வடிப்பது தகவல் அலுவலரின் கடமை.

என் தெரிவு நீலப் பேனாவும் பதிவுத் தபாலும். மின்னஞ்சல் விரைவானது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆனால் தபாலகம் தரும் பற்றுச்சீட்டின் திகதியை எவரும் மறுக்க முடியாது. தட்டச்சு செய்துதான் ஆக வேண்டுமென்றால் யூனிகோடில் செய்யுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டி வேர்ட் கோப்பாக அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் விண்ணப்பம் ஆங்கில எழுத்துக்களின் குப்பையாகத் தெரியும். பாமினியை விட மனமில்லாதவர்கள் பிடிஎஃப் ஆக்கியாவது அனுப்புங்கள்.

2017 இன் கட்டண விதிப்படி ஏ4 அளவில் முதல் நான்கு பக்கங்கள் இலவசம். அதன் பின் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய். ஒன்பது பக்கங்களுக்கு எங்களுக்கு வந்த கட்டணம் 10 ரூபாய், அதைச் செலுத்த அலைந்த பேருந்துச் செலவோ அதைப் போலப் பல மடங்கு.

நான்காம் படி: நாட்களை எண்ணுவது

முடிவை அறிவிக்க அலுவலருக்கு 14 வேலை நாட்கள் உண்டு. சனி, ஞாயிறு, போயா, பொது விடுமுறைகள் இக்கணக்கில் சேரா. இணங்கினால், கட்டணம் செலுத்தியதிலிருந்து 14 நாட்களுள் தகவலைத் தர வேண்டும். தேவையெனில் 21 நாட்களுக்கு மேற்படாமல் நீட்டிக்கலாம். மறுத்தாலோ வாய்மூடி இருந்தாலோ, அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுள் ஆர்டிஐ 10 படிவத்தில் மேன்முறையீடு செய்யுங்கள். அவர் மூன்று வாரங்களுள் முடிவு கூற வேண்டும். அங்கும் பயனில்லையேல், இரண்டு மாதங்களுள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குச் செல்லலாம். இந்தத் திகதிகளை எல்லாம் கைபேசியில் குறிப்பதை விட, நூலகச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுவதே எனக்குப் பிடிக்கும். ஒருவர் மறந்தாலும் இன்னொருவர் கண்ணில் படும்.

பிற்சேர்க்கை

திருக்கோவிலிலிருந்து ஒரு மீனவர் சங்கத்தார், சங்கத்தின் பெயரில் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டார்கள். உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது குடிமக்களாக இருந்தால், பதிவு செய்யப்படாத அமைப்பும் சட்டத்தின் பார்வையில் “பிரசை”தான். செயலாளர் கையொப்பமிட்டு அந்த விபரத்தையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். எங்கள் வாசகர் வட்டம் அப்படியே செய்தது.

கல்முனையிலிருந்து வந்த மற்றொரு கேள்வி: தனது விண்ணப்பத்துக்கு “கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது” என்று மட்டும் ஒரு கடிதம் வந்திருப்பதாகவும், அது பதிலா என்றும் ஒருவர் வினவினார். அது பெற்றுக்கொண்டமைக்கான ஒப்புகை மட்டுமே. தகவலும் அன்று, மறுப்பும் அன்று. அவர் அதை முடிவு என்று எண்ணிக் காத்திருந்ததில் மேன்முறையீட்டுக்குரிய 14 நாட்களும் கடந்துவிட்டன. கேள்வியைத் திருத்திப் புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். அவருடைய பழைய விண்ணப்பமும் “ஏன்” என்றே தொடங்கியிருந்தது.