டெமோவுக்குள் புகுந்த முனகல்

கல்லடியில் நண்பன் வீட்டுப் பின்னறையில்தான் எங்கள் மெட்டல் பான்டின் முதல் டெமோவைப் பதிவு செய்தோம். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டோர்ஷனைத் திறந்ததும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். கிட்டார் வயரை மாற்றினேன், கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் பிக்கப்பைத் திட்டினேன், சரிவரவில்லை. அப்புறம் தற்செயலாக லப்டொப் சார்ஜரைக் கழற்றினேன். பாதிக்கு மேல் அடங்கிவிட்டது! கிட்டார் அம்ப்ளிஃபையரும் லப்டொப்பும் வேறு வேறு பிளக்கில் இருந்ததால் எர்த் வழியே ஒரு சுற்று உருவாகி, 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் ஒலிக்குள் புகுந்திருக்கிறது. டிஸ்டோர்ஷன் அதையும் சேர்த்தே பெருக்கும். லப்டொப்பை பற்றரியில் ஓட்டினோம். மிச்சத்துக்கு நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று வாசித்தேன். ஒரே கம்பிச்சுருள் உள்ள சிங்கிள் கொயில் பிக்கப்பில் நிற்கிற திசையைப் பொறுத்து முனகல் கூடும், குறையும். நாலு பாட்டும் முடியும்போது பற்றரி 11 சதவீதம். டிரம்ஸ் மட்டும் இன்னும் தகர டப்பா மாதிரித்தான் கேட்கிறது.