நீங்கள் கட்டிய ரேஸ் எஞ்சின் ஓட்டத்தில் உடைந்தால்

கட்டுகுருந்தை ரேஸ் ட்ராக்கில் எஞ்சின் உள்ளே டக் டக்கென்று தட்டத் தொடங்கிவிட்டது என்று கார்க்காரர் கோல் எடுத்தால், முதலில் சொல்ல வேண்டியது, "ஓஃப் பண்ணுங்கோ அண்ணே, திரும்ப ஸ்டார்ட் பண்ண வேண்டாம், ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவாங்கோ." யார் அளவுக்கு மேல் ரெவ் பண்ணினது என்ற கதை அப்புறம்.

எஞ்சினை அவர் முன்னால்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறகு நீங்கள் எதைச் சொன்னாலும் மறைத்ததுபோலத்தான் படும். ஒயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். மினுமினுவென்று தூள் இருந்தால் பெரும்பாலும் பெயரிங்தான். பிஸ்டனைக் கிரேங்கோடு இணைக்கிற தண்டான கொன்ரொட்டின் பெயரிங்குகளைக் கழற்றும்போதே எது எந்தச் சிலிண்டருடையது என்று எழுதிவிடுங்கள். ஒன்றில் மட்டும் மேற்பூச்சுத் தேய்ந்து செம்பு தெரிந்தால் அந்த இடத்து இடைவெளியையும் போல்ட் இறுக்கத்தையும் பாருங்கள், அனேகமாகக் கட்டியவர் பிழை. எல்லாமே தேய்ந்திருந்தால், நீண்ட வளைவில் ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கலாம். சம்புக்குள், அதாவது அடியிலுள்ள ஒயில் தட்டுக்குள், தடுப்புத் தகடு போடுவோம் என்று நீங்கள் சொல்லி அவர் வேண்டாமென்றிருந்தால் அது பில்லில் இருக்க வேண்டும். எழுதவில்லையா? சரி, பாதி உங்கள் தலையில்.

பிழை உங்களுடையது என்றால் கூலி கேட்காதீர்கள், சாமான் காசும் உங்களுடையதுதான். பஞ்சிகாவத்தை பழைய சாமான் கடையில் வாங்கிய கிரேங்க் என்று கடைக்காரரை இழுக்க வேண்டாம். அளக்காமல் போட்டது யார்? கடைசல் வேலை செய்த லேத்காரருடன் உள்ள கணக்கையும் நீங்களே தனியாகப் பேசிக்கொள்ளுங்கள். ஒரேயடியாகக் காசு இல்லையென்றால் தவணையைத் திகதி போட்டு எழுதிக் கொடுங்கள். உடைந்த சாமான்களைக் கணக்குத் தீரும்வரை எறியாதீர்கள், கேட்டால் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.