பிஸ்டன் வாங்கும் முன் பிளாக்கை அளங்க: பழைய அம்பாசிடருக்கு இன்ஜின், கியர்பாக்ஸ் சாமான் தேர்வு

எங்க வீட்டுப் பரணில் பிரிக்காத பிஸ்டன் பெட்டி ஒண்ணு கிடக்கு. 20 தவ் ஓவர்சைஸ், அதாவது மூல அளவை விட அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு பெரிசு. அப்பாவோட 1976 மாடல் மார்க் 3 அம்பாசிடரின் இன்ஜினை இறக்கும் முன்பே, எப்படியும் சிலிண்டரைக் குடைந்து போர் அடிக்கத்தானே போறோம்னு நான் முந்திக்கொண்டு வாங்கியது. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் பிளாக்கை அளந்த அண்ணாச்சி கேஜை என் பக்கம் திருப்பினார்.

"இருவதுக்கெல்லாம் இது நிக்காது தம்பி. நாப்பதுக்குப் போவணும். அளக்கதுக்கு முன்னால யாரு உங்கள வாங்கச் சொன்னா?"

யாரும் சொல்லலை. கடைக்காரரும் திரும்ப எடுத்துக்கலை.

முதல் முறையாக இன்ஜின் வேலையில் இறங்குறவங்களுக்காக, நான் தலைகீழாகச் செய்ததை இங்கே நேராக்கி எழுதறேன்.

1. உங்க வண்டிக்குள் இருப்பது எந்த இன்ஜின்?

அம்பாசிடரின் வெளித்தோற்றத்தை நம்பாதீங்க. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வடிவமைப்பில் வந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், அதே சிசியில் டீசல், பிறகு 1990களில் ஐந்து கியரோடு வந்த 1817 சிசி இசுசு என எல்லாம் ஏறக்குறைய ஒரே கூட்டுக்குள் உட்கார்ந்தவை. ஒன்றின் சாமான் மற்றொன்றுக்குச் சேராது. பிரீமியர் பத்மினி கார் என்றால் கணக்கே வேறு: 1089 சிசி, பியட் வடிவமைப்பு.

டீசல் மலிவாக இருந்த காலத்தில் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றிய வண்டிகள் நம்ம பக்கம் நிறைய. அதனால் ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பரையும் பிளாக்கில் உள்ள நம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒத்துப்போகலைன்னா முதல் வேலை ஆர்.டி.ஓ. ஆபீஸில்தான்.

"பேசாம இசுசு போட்ருங்க, பறக்கும்" என்று சொல்ல நாலு பேர் வருவாங்க. என் வண்டிக்கு நான் ஒத்துக்கலை. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை 2021 விதிகளின்படி 'வி.ஏ.' எழுத்துள்ள விண்டேஜ் நம்பரில் பதியலாம். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் மூலவடிவில் இருக்கணும். இன்ஜினை மாற்றினால் அந்த வாய்ப்பு போச்சு.

2. அளவு எடுங்க

இதுதான் உயிர். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

1489 இன்ஜினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 73.025 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 88.9 மிமீ. ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மிமீ. சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தால் தடவினால் வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு தட்டும். பிஸ்டனின் மேல் ரிங் ஏறி நின்று திரும்பும் இடம் அந்த மேட்டுக்கு நேர் கீழே. எரிப்பு அழுத்தம் உச்சத்தில் இருப்பதும், ஆயில் படலம் மெலிந்து கிடப்பதும் அங்கேதான். தேய்மானமும் அங்கேதான் கூடுதல். மேல், நடு, அடி என மூன்று இடத்திலும், ஒவ்வொன்றிலும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) போகும் திசையில் ஒன்று, குறுக்காக ஒன்று என ஆறு அளவு. நாலு சிலிண்டருக்கு 24. நோட்டில் கட்டம் போட்டு எழுதுங்க. அதிகம் தேய்ந்த ஒரே ஒரு சிலிண்டர்தான் நாலுக்கும் சைஸ் முடிவு பண்ணும்.

என் பிளாக்கில் அது நாலாவது சிலிண்டர். 40 தவ் போனதும் போர் 74.04 மிமீ ஆச்சு, இன்ஜின் 1531 சிசி. ஆர்.சி.யில் இன்னும் 1489தான்!

கிராங்கையும் மைக்ரோமீட்டரில் அளங்க. இங்கே புதியவர்கள் குழம்பும் இடம் ஒண்ணு உண்டு. பிஸ்டன் 'ஓவர்சைஸ்', பேரிங் 'அண்டர்சைஸ்'. சிலிண்டரைக் குடைந்தால் துளை பெரிசாகும். கிராங்கைக் கிரைண்ட் பண்ணினால் அது சிறுக்கும், அதனால் அதைத் தாங்கும் பேரிங் தடிமனாகணும். கடையில் வெறுமனே "பத்து தவ் கொடுங்க" என்று கேட்காதீங்க. எந்தச் சாமான், கூட்டலா கழித்தலா என்று சொல்லிக் கேளுங்க.

3. பிஸ்டன் வந்த பிறகே போர்

சைஸ் தெரிந்ததும் பிஸ்டனை வாங்கி லேத்காரர் கையில் கொடுங்க. அவர் பிஸ்டனை அளந்து அதற்கேற்ற இடைவெளி விட்டுக் குடைவார். ரிங்கைச் சிலிண்டருக்குள் பிஸ்டனாலேயே நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்க. ஓர் அங்குல போருக்கு 3 முதல் 4 தவ் என்பது பொதுக்கணக்கு. நம்ம இன்ஜினுக்கு ஏறத்தாழ 9 முதல் 12 தவ் வரும். குறைந்தால் சூட்டில் ரிங் முட்டி உடையும். பாபநாசம் மலை ஏறும்போது அது நடந்தால் இறங்கி வர லாரிதான் பிடிக்கணும்.

4. ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி)

இந்த இன்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தவை. 2000 பிப்ரவரியோடு இந்தியாவில் அது நின்றது. வார்ப்பிரும்பு ஹெட்டில் நேரடியாக வெட்டிய எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கு அந்த ஈயம்தான் மெத்தை. இப்போது கடினமான சீட் ரிங் இறக்கிவிடுங்க. இப்போதைய எத்தனால் பெட்ரோலுக்குத் தாங்கும் ஹோஸ், பம்ப் டயாபிரம் இரண்டையும் இதோடு சேர்த்து மாற்றிடுங்க.

5. கியர்பாக்ஸ்

பிரிக்கும் முன், ஸ்டியரிங்கிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கம்பிகளையும் புஷ்களையும் ஆட்டிப் பாருங்க. கியர் விழலை, மாட்டிக்கிட்டு நிக்குது என்பதில் பாதி அந்தச் சில்லறைக் காசு புஷ் செய்யும் வேலை. பர்ஸ்ட் கியரில் 'கர்ர்' என்றால் பயப்படாதீங்க. இந்த நாலு கியர் பெட்டியில் பர்ஸ்டுக்கு சிங்க்ரோ (பற்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் அமைப்பு) கிடையாது, வண்டி நின்ற பிறகே போடணும்.

நியூட்ரலில் வரும் சத்தம் கிளட்சை மிதித்தால் அடங்குதா? இன்புட் ஷாஃப்ட், லேஷாஃப்ட் (பெட்டிக்குள் இணையாக ஓடும் தண்டு) பேரிங் பக்கம் தேடுங்க. ஓடும்போது கியர் தானாக நழுவினால் பல் முனை மழுங்கியிருக்கும், அல்லது லாக் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். பல்லை மாற்றுவதானால் ஜோடியாக மாற்றுங்க; புதுப் பல் பழைய பல்லோடு சேர்ந்தால் ஊளையிடும். பின் ஆக்சிலில் உள்ள கிரவுன் பினியன் பற்களும் அப்படியே, ஒரே செட்.

ஆயில் விஷயத்தில் கறாரா இருங்க. சிங்க்ரோ ரிங் பித்தளை. ஜி.எல். 5 தரக் கியர் ஆயிலின் கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கும். கியர்பாக்ஸுக்கு ஜி.எல். 4, பின் ஆக்சிலுக்கு ஜி.எல். 5.

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் ஒன்றாக. மறுபடி கியர்பாக்ஸை இறக்கும் கூலியை நினைச்சுப் பாருங்க.

6. கடைக்குப் போகும்போது

டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் ஐயங்கார் நம்ம திருக்குறுங்குடியில் பிறந்தவர். ஆனாலும் பழைய அம்பாசிடர் சாமானுக்கு நான் சென்னை புதுப்பேட்டைக்குத்தான் பஸ் ஏறினேன். பழைய கிளட்ச் பிளேட்டைப் பேப்பரில் சுற்றிக் கையோடு கொண்டு போனேன். கடைக்காரர் "அதே சைஸ்தான் சார்" என்று நீட்டியதில் நடுத்துளைப் பற்களை எண்ணினேன், எண்ணிக்கை ஒத்துவரலை. மூணாவது கடையில் கிடைச்சது.