கிளீவ்லேண்ட் ஸ்பைடர்ஸ்: கலைந்துபோன அணியின் வரலாற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1899-இல் 20 வெற்றி, 134 தோல்வி. நேஷனல் லீக் என்ற தொழில்முறைப் போட்டி அமைப்பில் ஆடிய கிளீவ்லேண்ட் ஸ்பைடர்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இந்தக் கணக்கில் தொடங்கி, ‘வரலாற்றிலேயே மட்டமான அணி’ என்று முடித்துவிடுகிறார்கள். கணக்கு சரிதான், அந்த ஓராண்டை வைத்து அணியின் மொத்த வரலாற்றையும் எடைபோடுவதுதான் பிழை. முந்தைய ஆண்டில் 81 ஆட்டங்களில் வென்று 68-இல் தோற்ற அணி இது. பின்னாளில் 511 வெற்றிகளோடு ஓய்வுபெற்ற பந்துவீச்சாளர் சை யங் 1890-இல் இந்த அணியில்தான் அறிமுகமானார். 1895-இல் பால்டிமோர் ஓரியோல்ஸை வீழ்த்தி டெம்பிள் கோப்பையையும் வென்றது. ஆனால் அதற்காக ‘1895-இன் நேஷனல் லீக் சாம்பியன்’ என்று எழுதிவிடக் கூடாது. அந்தக் கோப்பை, லீக் பட்டியலில் முதலிரண்டு இடங்களைப் பிடித்த அணிகள் பருவத்தின் முடிவில் மோதிக்கொண்ட தொடருக்கானது. பட்டியலில் அவ்வாண்டு முதலிடம் பால்டிமோருக்கே.

அப்படிப்பட்ட அணி ஒரே ஆண்டில் ஏன் சரிந்தது என்பதில்தான் அடுத்த பிழை நேர்கிறது. ஆட்டக்காரர்களை விற்றுவிட்டதாகப் பலர் எழுதுகிறார்கள். உண்மையில் அது ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றிய கதை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு கிளீவ்லேண்டில் தடை இருந்ததாலும் கூட்டம் குறைந்ததாலும் சலித்துப்போயிருந்த உரிமையாளர்களான ராபிசன் சகோதரர்கள், ஏலத்தில் கைமாறிய செயின்ட் லூயிஸ் அணியையும் 1899-இல் தம் வசமாக்கிக்கொண்டு, சை யங், ஜெஸ்ஸி பர்கெட், பாபி வாலஸ் முதலியோரையும் மேலாளர் பாட்ஸி டெபோவையும் அங்கே அனுப்பிவிட்டார்கள். ஒருவரே இரண்டு அணிகளை வைத்திருப்பதை லீக் அன்று தடுக்கவில்லை. எனவே 134 தோல்விகளையும் எஞ்சி நின்ற ஆட்டக்காரர்கள் தலையில் கட்டுவது நியாயமாகாது.

அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்காமல் விடுவதும் தவறே. சொந்த ஊரில் 9 வெற்றி, 33 தோல்வி. வெளியூர்களில் 11 வெற்றி, 101 தோல்வி. கிளீவ்லேண்டின் லீக் பார்க் மைதானத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 145 பேரே வந்ததால், நுழைவுக் கட்டணத்தில் கிடைக்கும் பங்கு பயணச் செலவுக்குக்கூடக் கட்டாது என்று மற்ற அணிகள் அங்கே வர மறுத்தன. ஸ்பைடர்ஸ் நாடோடியாக ஊர் ஊராகச் சுற்ற நேர்ந்தது. இன்று ஓர் அணிக்குப் பருவம் ஒன்றில் வெளியூர் ஆட்டங்களே 81-தான் என்பதால், அந்த 101-ஐ இனி எந்த அணியும் எட்ட முடியாது. 2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்றபோது ‘தோல்வியில் புதிய சாதனை’ என்று செய்திகள் வந்தன. 1900-க்குப் பிந்தைய நவீன காலத்துக்கு மட்டுமே அது பொருந்தும். ‘நவீன காலத்தில்’ என்ற சொல்லை விட்டுவிட்டால் செய்தியே பொய்யாகிவிடும்.

அதிகம் தடுக்கிவிழ வைப்பவை பெயர்கள்தாம். ராபிசன்கள் வாங்கிய செயின்ட் லூயிஸ் பிரௌன்ஸ், 1899-இல் பெர்ஃபெக்டோஸ் ஆகி, 1900 முதல் கார்டினல்ஸ் என்று அழைக்கப்படுகிறது. 1902 முதல் 1953 வரை அதே ஊரில் ஆடிய, அமெரிக்கன் லீக் என்ற வேறொரு அமைப்பைச் சேர்ந்த பிரௌன்ஸ் முற்றிலும் வேறு அணி. அது பால்டிமோருக்குப் போய் இன்றைய ஓரியோல்ஸ் ஆனது. டெம்பிள் கோப்பையில் தோற்ற ஓரியோல்ஸுக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒட்டுறவு கிடையாது. இன்றைய கிளீவ்லேண்ட் கார்டியன்ஸை ஸ்பைடர்ஸின் வாரிசு என்பதும் இதே குழப்பத்தின் விளைவே: அது கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரிலிருந்து 1900-இல் குடிபெயர்ந்து வந்த அணி, லீக் பார்க் மைதானத்தில் ஆடியது என்பதே இரண்டுக்கும் பொதுவானது. அந்த அணி 1915-இல் இந்தியன்ஸ் என்று பெயர் சூட்டிக்கொண்டது, முன்பு ஸ்பைடர்ஸில் ஆடிய பெனாப்ஸ்காட் பழங்குடி வீரர் லூயிஸ் சோகலெக்ஸிஸின் நினைவாகத்தான் என்று சொல்லப்படுவதுண்டு. ஆய்வாளர்களிடையே சர்ச்சைக்குரிய அக்கூற்றை உறுதியான உண்மையாக எழுதுவது சரியன்று.

கடைசியாக, ஸ்பைடர்ஸ் மட்டுமே தனியாக வெளியேற்றப்பட்டதுபோல் எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். 1899 பருவத்துக்குப் பிறகு நேஷனல் லீக் தன் 12 அணிகளை 8 ஆகக் குறைத்தபோது லூயிவில், வாஷிங்டன் அணிகளோடு, கோப்பைக்காக ஸ்பைடர்ஸுடன் மோதிய அந்தப் பழைய பால்டிமோர் அணியும் சேர்ந்தே மறைந்தது.